பல்லுக்குப் போன வடிகட்டி

மாமாவின் ஜவ்வரிசி ஆலை மீது கலெக்டருக்கு மனு போட்டது யார் என்று கண்டுபிடிக்க, மாமா ஊருக்குள் பெரிய விசாரணையே நடத்தினார். டீக்கடையில் இருவரை முறைத்தார். பக்கத்து அரிசி ஆலைக்காரர் சுப்புராயன் காதில் விழும்படி காறித் துப்பினார். தேர்தலில் தோற்ற ஒருவரைத் தேடிப் போய் நலம் விசாரித்தார். கடைசியில், கிழங்குக் கொட்டகையில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்த அமலோற்பவம் அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நாந்தான் போட்டேன் மொதலாளி. அவுங்கள எல்லாம் ஏன் மொறச்சிகினு திரியறீங்க?"

மாமா பொன்னுரங்கம் திட்டுவதில் கெட்டிக்காரர். சந்தேகப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசவு தயார் செய்து வைத்திருந்தார். அமலோற்பவம் அக்காவுக்கு மட்டும் எதுவும் தயாராக இல்லை. அந்தக் கொட்டகையில் அவள் அளவுக்கு வேகமாகக் கிழங்கு உரிக்க ஆளில்லை என்பதை அவரே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போன வருஷம் சொன்னேன். 'பாக்கலாம்'னீங்க. அதுக்கு முந்தின வருஷம் சொன்னேன். அப்பவும் 'பாக்கலாம்'னீங்க. நீங்க பாக்கறதுக்குள்ள என் கெணறு புளிச்சிப் போச்சி."

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற சாலையில், ஊரைத் தாண்டியதும் இருந்தது ஆலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி லாரியாக இறங்கும். தோலை உரித்து, கழுவி, அரைத்துப் பாலெடுத்து, பால் தெளிந்ததும் அடியில் படிந்த மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காய வைத்தால் முத்து முத்தாக ஜவ்வரிசி. அதைப் பாயசத்தில் போட்டுக் குடிக்கும் யாரும், மாவு படிந்த பிறகு மேலே நின்ற தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. அது வாய்க்கால் வழியாக அமலோற்பவம் அக்காவின் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஓடையில் போய் விழுந்தது. வெள்ளையாக, நுரையோடு, நேற்றைய பழைய சோற்றுத் தண்ணீரை ஒரு மாதம் மூடிவைத்துத் திறந்தாற்போல ஒரு வாசனையோடு. போகிற வழியில் அவள் கிணற்றுக்குள்ளும் கொஞ்சம் இறங்கிவிட்டுப் போயிற்று. அந்தத் தண்ணீரில் பொங்கிய சோறு மத்தியானத்துக்குள் ஊசிப்போனது. ஆட்டுக்கு வைத்தால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு, வைத்தவரை ஒரு பார்வை பார்த்தது.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. கடலூரிலிருந்து மாசு வாரிய அதிகாரி வருவார், வெளியே விடும் தண்ணீரைப் பரிசோதிப்பார், சரியில்லை என்றால் ஆலைக்குச் சீல் வைப்பார். இதுதான் சாரம். சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அன்றிலிருந்து கொட்டகையில் பெண்கள் அமலோற்பவம் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கிழங்குக் குவியலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து உரிப்பவர்கள், அவளைச் சுற்றி மட்டும் ஒரு கட்டில் போடுமளவுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ராணியம்மாள். அவள் அமலோற்பவத்தோடு பேசுவதில்லை. அமலோற்பவத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு கிழங்கோடு பேசுவாள்.

"ஏ கெழங்கே, உன்ன உரிக்கிற கடசி வருஷம் இதான். சோறு போட்ட எடத்துக்குப் பூட்டு போட வெச்சிட்டாங்க சில பேரு. நீ மலையிலயே இருந்துக்கோ. நாங்களும் வந்து பக்கத்துலயே மொளைக்கிறோம்."

வார லீவுக்கு நான் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது அமலோற்பவம் அக்கா என்னிடம் சொன்னாள்: "நான் மூடவா சொன்னேன் தம்பி? தண்ணியப் பாருங்கன்னுதான் எழுதிப் போட்டேன். ஆலைய மூடுனா எனக்கும்தான் கூலி இல்ல. மூடலன்னா எனக்குக் கெணறு இல்ல. இன்னா பண்ணச் சொல்ற?"

நான் சேலத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட கேள்வி எங்கள் பாடப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்: "பாக்கலாங்க்கா."

சொன்ன பிறகுதான் அது மாமாவின் பதில் என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். கிழங்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எண்பத்தேழு செப்டம்பர் அது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் கல்லூரியைக் காலவரையின்றி மூடினார்கள். வேதியியல் படித்த என் அறைத் தோழன் வெங்கடேசனுக்கு அது பெரிய துக்கம். பாதிச் சோதனையில் எதையோ விட்டுவிட்டு வந்திருந்தான். எனக்குத் துக்கம் என்று சொல்ல எதுவுமில்லை. இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். அவன் உளுந்தூர்பேட்டை தாண்டி, களமருதூர் போக வேண்டியவன். பேருந்து கள்ளக்குறிச்சியோடு நின்றது. அதற்கு மேல் சாலையில் புளியமரங்கள் குறுக்கே படுத்திருந்தன. வெங்கடேசன் தன் தகரப் பெட்டியோடு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

ஆலையில் வேலை பார்த்த ஆண்கள் எல்லாரும் சாலைக்குப் போய்விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிண்டியவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. அங்கே போனவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அந்த வாரம் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மலையிலிருந்து வந்த கிழங்கு லாரிகள் அடிவாரத்தோடு நின்றுவிட்டன. ஆலை ஓடவில்லை. கடைகள் மூடிக் கிடந்தன.

ஓடாத ஆலையை மாமா சுற்றிச் சுற்றி வந்தார். "இப்ப வரச் சொல்லு அந்தாளக் கடலூர்லேர்ந்து. வாய்க்கால்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. எவ்ளோ சுத்தமா கீது பாரு!"

வெங்கடேசன் வாய்க்காலைப் பார்த்தான். பிறகு வேலிக்கு அப்பால், சுப்புராயனின் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த கரிய மேட்டைப் பார்த்தான். நெல் அவிக்கும் கொதிகலனில் உமியை எரித்துவிட்டு, எரிந்தும் எரியாமலும் கருகி விழுந்ததை வருஷக்கணக்காகக் கொட்டி வைத்த மேடு. காற்றடித்தால் அது பறந்து வந்து எங்கள் களத்தில் காயும் ஜவ்வரிசி மீது இறங்கும். மாமாவும் சுப்புராயனும் பேசிக்கொள்ளாததற்கு அந்தக் கரிதான் காரணம்.

"அது இன்னா, உமிக்கரியா?" என்றான் வெங்கடேசன்.

அன்று சாயங்காலம் அவன் மாமாவின் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டினான். அடியில் ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் வாளியில் ஜல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் கழுவிய உமிக்கரி. தொட்டியில் தேங்கிக் கிடந்த புளித்த தண்ணீரில், வெல்டிங் பட்டறையில் கேஸ் எடுத்த பின் தூக்கிக் கொட்டுகிற கார்பைடு சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துத் தெளிய வைத்து, வாளியில் ஊற்றினான். கீழே சொட்டுச் சொட்டாக வந்தது கண்ணாடி மாதிரி இல்லை. ஆனால் தண்ணீர் மாதிரி இருந்தது. மாமா அதை முகர்ந்தார். பிறகு வெங்கடேசனை முகர்ந்தார். இரண்டிலும் நாற்றம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"சுண்ணாம்பு புளிப்ப அடக்கும் மாமா. மிச்ச அழுக்க கரி இழுத்து வெச்சிக்கும். ஒருத்தர் குப்பைய இன்னொருத்தர் குப்பை தின்னுடும். அவ்ளோதான்."

"எல்லாம் சரி. கரிக்கு எங்க போறது?"

வெங்கடேசன் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினான். மாமாவின் முகம் கிழங்குத் தோல் மாதிரி சுருங்கியது.

"மாப்ள," என்றார் என்னிடம், "இந்தக் கரி என் களத்துல வுழக் கூடாதுன்னு பஞ்சாயத்து வெச்சி, போலீஸ் வரைக்கும் போனவன் நானு. இப்ப நானே வண்டி வெச்சி ஏத்திகினு வரணுமா?"

சுப்புராயன் அதுவரை அந்த மேட்டை அள்ளிப் போகச் சொல்லி ஊரில் எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தவர். எங்களுக்குத் தேவை என்று தெரிந்த அன்றே மேட்டைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, பக்கத்தில் ஒரு கட்டிலையும் போட்டுப் படுத்துக்கொண்டார். பொன்னுரங்கம் நேரில் வந்து கேட்டால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா வேலி வரை போனார். நானும் வெங்கடேசனும் ஆளுக்கொரு பக்கமாகப் பின்னால் நின்றோம். அவர் திரும்பினால் வழி இருக்கக் கூடாது என்பதற்காக.

"சுப்புராயா, கரி வேணும்."

"எந்தக் கரி?"

"உன் கரிதான்."

"பறந்து வந்து உன் ஜவ்வரிசியக் கெடுத்துதே, அந்தக் கரியா?"

"அதான்."

"அது நல்ல கரியா, கெட்ட கரியா?"

மாமா வானத்தைப் பார்த்தார். "நல்ல கரிதான்."

"கொஞ்சம் சத்தமா சொல்லு. உள்ள என் சம்சாரம் நிக்குது."

"நல்ல கரிதான்யா!"

அதற்குப் பிறகு சுப்புராயன் தன் மாட்டு வண்டியையே கொடுத்தார். சாலையில் போக முடியாததால் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வண்டி வந்தது. கிழங்கு இல்லாமல் வேலையற்றிருந்த பெண்களை மாமா கூப்பிட்டு விட்டார். கரியைத் தொட்டியில் போட்டுக் கழுவி, சாம்பலையும் மண்ணையும் போக்கி, ஜவ்வரிசி காயும் களத்தில் பரப்பிக் காய வைத்து, சல்லடையில் சலித்தார்கள். வெள்ளை வெளேரென்று கிடக்க வேண்டிய களம் கரேலென்று கிடந்தது. அந்தப் பக்கம் போன ஒருவர், ஆலை எரிந்துபோய்விட்டது என்று நினைத்து மாமாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சலித்தார்கள். அமலோற்பவம் அக்கா ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து சலித்தாள். அவளிடம் சல்லடை வாங்கக்கூட யாரும் வரவில்லை. ராணியம்மாள் இப்போது கரியோடு பேசத் தொடங்கியிருந்தாள்.

"ஏ கரியே, நீயாச்சும் எங்க வயித்துல மண்ணு வுழாம பாத்துக்கோ."

பழைய தொட்டி ஒன்றில் ஜல்லி, மணல், அதற்கு மேல் இடுப்பளவுக்குக் கரி என்று படுகை தயாரானது. வெங்கடேசன் அதன் முன்னால் நின்று, கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். மறியல் முடிந்ததும் லாரி வரும், ஆலை ஓடும், அதிகாரி வருவார், தண்ணீர் இதில் புகுந்து சுத்தமாக வெளியேறும். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் கரி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தன் எடையிலயே அமுங்கும்டா," என்றான் வெங்கடேசன். "இயற்கை." ஒரு துண்டுக் கரியை எடுத்துத் தொட்டியின் சுவரில் கோடு போட்டுக்கொண்டான்.

அதற்கு மறுநாள் இன்னும் இறங்கியது. இன்னொரு கோடு. அடுத்த நாள் இன்னொன்று. கோடுகளை வைத்து ஒரு தாளில் வரைபடம் வரைந்தான். அழகான வளைவாக வந்தது. இதைப் பற்றித் தன் பேராசிரியரிடம் பேசப்போவதாகச் சொன்னான்.

"இந்த வளைவு போற போக்கப் பாத்தா," என்றேன், "அடுத்த வாரம் கரி தரைக்குக் கீழ போயிடும்டா."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது."

அது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை, மாமா வீட்டுக் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று புரிந்தது. பற்பொடி டப்பா காலியாகி நாலைந்து நாள் ஆகியிருந்தது. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மாமி சிரட்டையில் ஒரு கறுப்புப் பொடியை வைத்திருந்தாள். நான் அதைத் தொட்டுத்தான் தினமும் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையக் கரியோடு அப்படியே நின்றேன்.

"மாமி, இது எங்கேர்ந்து வந்துது?"

"நம்ம தொட்டிலேர்ந்துதான். நல்லா கழுவி, காயவெச்சி, சலிச்சி வெச்சிருக்காங்களே! கடையில வாங்குனாக்கூட இவ்ளோ சுத்தமா கெடைக்குமா? நான் ஒரே ஒரு சொம்புதான்டா எடுத்தேன்."

ஒரே ஒரு சொம்பு. நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். மறியல் வாரத்தில் எல்லார் முகமும் வாடியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தவர்கள் பல் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஊரே ஒரே ஒரு சொம்புதான் எடுத்திருந்தது. சுப்புராயன் வீட்டில்கூட. தன் வீட்டு மேட்டில் மலை மாதிரி கிடக்கும்போது எங்கள் தொட்டிக்கு ஏன் ஆள் அனுப்பினார் என்று கேட்டதற்கு, "அது கழுவாததுப்பா, மண்ணா இருக்கும்," என்றார். உமிக்கரியைக் கழுவிச் சலித்து ஒரு தொட்டி நிறைய வைத்தால், அது பல் விளக்கத்தான் என்பதில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வெங்கடேசனுக்கோ, யாராவது அதைப் பல்லுக்கு எடுப்பார்கள் என்ற சந்தேகமே வரவில்லை.

விஷயத்தைச் சொன்னபோது அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இந்த வளைவு?"

"அது ஊர்ல எத்தன பல்லு இருக்குதுன்ற கணக்குடா."

அன்று மத்தியானம் மறியல் முடிந்தது என்று செய்தி வந்தது. மரங்களை இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள். சாலைக்குப் போன ஆண்கள் களைத்துப்போய் வீடு திரும்பினார்கள். அடிவாரத்தில் நின்ற கிழங்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கப்போகின்றன. கிழங்கு ஏற்கெனவே வாடி, அழுக ஆரம்பித்திருந்தது. உடனே அரைக்காவிட்டால் அத்தனையும் பாழ். கூடவே தபால் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கடலூர் அதிகாரி நாளைக் காலை வருகிறார்.

தொட்டியில் கரி கணுக்கால் அளவுக்கு இருந்தது. வெங்கடேசன் சுப்புராயனின் மேட்டுக்கு ஓடினான். நல்ல கரியெல்லாம் ஏற்கெனவே எங்களிடம் வந்திருந்தது. மிச்சமிருந்தது வெந்து வெளுத்த சாம்பல். அது ஒன்றையும் இழுக்காது. ஒரு வாரமாக நெல் அவிக்காததால் புதிய கரியும் இல்லை.

மாமா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "என் ஆலைய தின்னு ஏப்பம் வுட்டிருந்தாக்கூட மனசு ஆறும். பல்லு வெளக்கிட்டாங்களேடா!"

அமலோற்பவம் அக்கா வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் மட்டும்தான் அதில் கை வைக்காதவள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரு அன்னக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, நேராக ராணியம்மாள் வீட்டுக்குப் போனாள். நானும் வெங்கடேசனும் பின்னால் போனோம்.

ராணியம்மாள் வாசலில் நின்றாள். பேச அங்கே கிழங்கும் இல்லை, கரியும் இல்லை.

"இன்னா?" என்றாள், வேறு வழியில்லாமல். பல நாள் கழித்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"ராணி, வூட்ல இருக்கற கரியக் குடு."

"எந்தக் கரி?"

"சிரிச்சிக் காட்டு, எந்தக் கரின்னு சொல்றேன்."

ராணியம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடிய வாயோடு பேச முடியாது என்பதால் திறந்தாள். "நான் ஒரே ஒரு சொம்புதான் எடுத்தேன்."

"ஆமா. எல்லாரும் ஒரே ஒரு சொம்புதான். நாளைக்கி அந்தாளு வராரு. தொட்டியில கரி இல்லன்னா ஆலைக்குப் பூட்டு. அப்புறம் பல்லு வெளக்கிட்டு இன்னா பண்ணப் போற? எதத் திங்கப் போற?"

"பூட்டு போட வெச்சதே நீ. இப்ப வந்து எங்கிட்ட கரி கேக்கற!"

"நாந்தான். அதான் நானே வந்து கேக்கறேன்." அமலோற்பவம் அக்கா கூடையைக் கீழே வைத்தாள். "உன் கெணத்துத் தண்ணி புளிச்சிருந்தா நீ மனு போட மாட்டியா ராணி? நீயா இருந்தா மொதலாளி வூட்டு வாசல்லயே ஊத்திட்டு வந்திருப்ப."

ராணியம்மாள், தான் என்ன செய்திருப்போம் என்று மனதுக்குள் நடத்திப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் லேசாக ஒரு திருப்தி தெரிந்தது. உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"உப்பு போட்டு இடிச்சி வெச்சிட்டேன்டி. பரவால்லியா?"

"குடு."

கூடையை அமலோற்பவம் தூக்கப் போனாள். ராணியம்மாள் அதன் இன்னொரு காதைப் பிடித்தாள். "நீ போய் கேட்டா எவளும் ஒழுங்கா குடுக்க மாட்டா. நான் கேட்டா எடுத்ததுக்கு மேலயே குடுப்பாளுங்க. நட."

சாயங்காலம் ஆலை வாசலில் வரிசை நின்றது. சிலர் எடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாமான் துலக்கவென்று குடம் நிறைய வைத்திருந்தவர்கள் அப்படியே தூக்கி வந்தார்கள். மற்றது டப்பாவில், மஞ்சள் பையில், தூக்குச்சட்டியில், குங்குமச் சிமிழில் வந்தது. சிலது உப்புப் போட்டது. சிலது கிராம்பு இடித்துப் போட்டது. ஒருத்தி கொஞ்சம் பச்சைக் கற்பூரமும் சேர்த்திருந்தாள், மாப்பிள்ளை வந்திருக்கிறாராம். மாமி தன் சிரட்டையைத் தானே கொண்டு வந்து கவிழ்த்தாள். சுப்புராயன் ஆள் மூலம் அனுப்பாமல் நேரில் வந்தார். கையில் ஒரு சொம்பு. மாமா அதை வாங்கிக்கொண்டு, "நல்ல கரி," என்றார், யாரும் கேட்காமலே.

வெங்கடேசன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான். "உப்புக் கரியத் தனியா வைங்க. கழுவணும்." பெண்கள் அதைத் துணியில் கட்டித் தொட்டியில் அலசினார்கள். இந்த முறை ஒரே வரிசைதான். அமலோற்பவம் அக்கா நடுவில் இருந்தாள். கழுவ நேரம் போதவில்லை. கிராம்பு போனதாகத் தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் கரி ஏறியதும் வெங்கடேசன் போதும் என்றான். போதாது என்பது அவன் குரலில் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஆலை முழு மூச்சில் ஓடியது. பேருந்து இன்னும் சரியாக ஓடவில்லை. அதிகாரி உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து கிடைத்த வண்டியெல்லாம் மாறி மாறி ஏறி, கடைசியாக எங்கள் ஆலைக்கே வந்த கிழங்கு லாரியில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் செம்மண். மாமா அவரைக் கிழங்கு இறக்க வந்த ஆள் என்று நினைத்து, "சீக்கிரம் எறக்குய்யா!" என்று அதட்டினார். அதன் பிறகு நடந்த வரவேற்பில் இளநீரின் எண்ணிக்கை கொஞ்சம் ஜாஸ்தி.

அவர் நேராகத் தொட்டிக்கு வந்தார். வெள்ளைத் தண்ணீர் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தெளிந்து, கரிப் படுகைக்குள் புகுந்து, கீழ்க் குழாயில் வந்துகொண்டிருந்தது. லேசான தேநீர் நிறம். அவர் கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். புளிப்பு இருந்தால் சிவக்கும் நீலத் தாளை நனைத்தார். சுற்றிலும் பெண்கள் கையில் கத்தியோடு நின்றார்கள். கிழங்கு உரிக்கும் கத்திதான், ஆனால் அவருக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தாள் நீலமாகவே இருந்தது. வெங்கடேசன் மூச்சு விட்டான்.

அதிகாரி குப்பியை மூக்கருகே கொண்டு போனார். நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார்.

"இதுல இன்னா… கிராம்பு வாசன வருது?"

மாமா மலைப் பக்கம் பார்த்தார்.

"அது எங்க பல்லுப்பொடி சார்," என்றாள் ராணியம்மாள். நடந்ததை எல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தான் எடுத்தது ஒரே ஒரு சொம்புதான் என்பதை மூன்று இடத்தில் சொன்னாள். அதிகாரி கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை. ஆனால் குப்பியை மூட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கிராம்புக்கு எங்ககிட்ட அளவு எதுவும் இல்ல," என்றார். "மாதிரிய எடுத்துகினு போறேன். ஆனா இந்த ஒரு படுக பத்தாது. ரெண்டு கட்டுங்க. ஒண்ணு ஓடறப்ப இன்னொண்ணுல கரி மாத்தணும். ஓடையில வுடறதுக்கு முந்தி இன்னொரு குழி வெட்டித் தேக்கணும். சீசன் முடியற வரைக்கும் டைம் தரேன். நடுவுல சொல்லாம வருவேன்." பிறகு சுற்றிப் பார்த்தார். "மனு போட்டது யாரு? அவுங்க கெணத்தையும் பாக்கணும்."

அமலோற்பவம் அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் ராணியம்மாள் வாயைத் திறந்தாள், பற்கள் பளிச்சென்றிருந்தன.

"நாங்க எல்லாருந்தான் சார் போட்டோம். எழுதுனது மட்டும் அவ."

கிணற்றை அவர் பார்த்தார். அதில் ஒரு குப்பி எடுத்தார். அது உடனே சரியாகாது, ஊறினது ஊறினதுதான், புதிதாக இறங்காமல் இருந்தால் மழையில் மெதுவாகத் தெளியும் என்றார். அமலோற்பவம் அக்கா தலையாட்டினாள். "மெதுவா ஆவட்டும் சார். நிக்காம ஆவுனா போதும்."

மாமா இரண்டாவது படுகை கட்டினார். அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்னத் தொட்டியும் கட்டினார். அதில் கழுவிச் சலித்த கரியை நிரப்பி, சுவரில் கொட்டை எழுத்தில் 'பல்லுக்கு' என்று எழுதி வைத்தார். ஆலையை நடத்த இது தவிர்க்க முடியாத செலவு என்று சுப்புராயனிடம் விளக்கினார். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேச ஆரம்பித்த பிறகு சண்டைகள் கொஞ்சம் அதிகமாகியிருக்கின்றன.

கல்லூரி திறந்து, பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது வெங்கடேசனையும் கூட்டி வந்தேன். அமலோற்பவம் அக்கா எங்களைப் பார்த்ததும் கிணற்றில் வாளியை விட்டு இழுத்து, ஒரு சொம்பில் மொண்டு நீட்டினாள். வெங்கடேசன் சட்டைப் பையில் நீலத் தாளைத் தேடினான்.

"அதெல்லாம் வேணாம்பா. குடி."

அவன் குடித்தான். பிறகு நான் குடித்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"புளிக்குதா?" என்றாள்.

"கொஞ்சம்," என்றான் வெங்கடேசன். அவனுக்குப் பொய் வராது.

"கொஞ்சந்தானே," என்று சொல்லி, மிச்சத் தண்ணீரை ஆட்டின் முன்னால் வைத்தாள். ஆடு முகர்ந்தது. தலையைத் தூக்கி எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். பிறகு அது குனிந்து குடிக்க ஆரம்பித்தது.